தொலையுணர்வில் ஒரு காட்டியல் பேராசிரியருக்கு என்ன வேலை?

கேள்வி – ஜூன் 3, மாலை

தொலையுணர்வின், அதாவது விமானம், செயற்கைக்கோளிலிருந்து படமெடுத்துப் பூமியை ஆராயும் துறையின், முன்னோடிகள் என்று எங்கே தேடினாலும் ராபர்ட் கோல்வெல் என்ற பெயர் வருகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் காட்டியல் பேராசிரியராக இருந்தவராம். கேமரா, ஃபிலிம், செயற்கைக்கோள் எல்லாம் பொறியாளர்களும் இயற்பியல்காரர்களும் செய்தவை. மரம் எண்ணுகிறவருக்கு அதில் என்ன பங்கு? சும்மா படம் பார்த்து ‘இது காடு, இது வயல்’ என்று சொன்னதற்கா இவ்வளவு பேர்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

மரம் எண்ணி வயிறு வளர்த்தவன் என்ற முறையில் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது.

கோல்வெல் நேராகப் படத்துக்கு வரவில்லை, முதலில் செடிக்குள் போனார். 1942இல் வந்த அவருடைய கட்டுரை கதிரியக்க பாஸ்பரஸைச் செடிக்குள் செலுத்தி அது எந்த வழியாக நகர்கிறது என்று பார்த்தது. தாவர உடலியங்கியல்காரர். அப்புறம் போர். அமெரிக்கக் கடற்படைக்காகப் பசிபிக் பகுதியில் வான்படங்களைப் படித்துச் சொல்லும் வேலை. போர் முடிந்ததும் பெர்க்லி. முதலில் இலை, பிறகு படம், பிறகு காடு. இந்த வரிசைதான் அவரைச் செய்தது என்பது என் எண்ணம்.

போரில் ஒரு ஃபிலிம் பயன்பட்டது. பச்சைச் சாயம் பூசிய துணியைப் போர்த்தி பீரங்கியை மறைத்தால் சாதாரணப் படத்தில் அதுவும் புதர் மாதிரிதான் இருக்கும். இந்த ஃபிலிம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும். உயிருள்ள இலை அதில் சிவப்பாக விழும், சாயத்துணி நீலம் கலந்து தனியே தெரியும். பீரங்கியைக் காட்டிக்கொடுத்த அதே அகச்சிவப்பை கோல்வெல் கோதுமை வயலின் மேல் திருப்பினார். 1956இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹில்கார்டியா இதழில் அறுபது பக்கத்துக்கு மேல் ஒரே கட்டுரை. தானியப் பயிர்களில் பூஞ்சையால் வரும் துரு நோய் முதலானவை எவ்வளவு பரவியிருக்கின்றன என்று வானிலிருந்து எடுத்த படத்தை வைத்துச் சொல்லலாம் என்று காட்டியது.

நோய் வந்தால் இலையில் பச்சையம் குறையும், அகச்சிவப்பு எதிரொளிப்பும் விழுந்துவிடும். நம் கண்ணுக்குத் தெரியும் முன்பே ஃபிலிமுக்குத் தெரிந்துவிடும். இது படம் பார்த்துப் பேர் சொல்கிற வேலையா?

ஜூன் 3, பத்து நிமிடம் கழித்து

இல்லை, இவர் அந்த ராபர்ட் கால்டுவெல் இல்லை. அவர் மொழிகளின் குடும்பத்தைப் பிரித்தார், இவர் மரங்களின் குடும்பத்தை. ஒரே நிமிடத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

ஜூன் 4, காலை

படுத்த பிறகுதான் உறைத்தது. நேற்றுப் பச்சையத்தைப் பற்றி எழுதியது தப்பு. இந்தத் தப்பை வகுப்பில் எழுதி மதிப்பெண் இழந்தவன் நான், முப்பது வருடம் கழித்தும் விரல் அதையே தட்டுகிறது.

பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விழுங்கும். மிஞ்சும் பச்சை நம் கண்ணுக்கு வருகிறது. சிவப்புக்கு அடுத்துள்ள அண்மை அகச்சிவப்பைப் பச்சையம் தொடுவதே இல்லை. அதைத் திருப்பி அனுப்புவது இலையின் உள் அமைப்பு. இலைக்குள் செல்கள் நெருக்கி அடுக்கியிருப்பதில்லை. நடுநடுவே காற்று இருக்கிறது. ஈரமான செல்சுவர், அடுத்து காற்று, மறுபடியும் செல்சுவர். ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சிதறுகிறது. கிட்டத்தட்டப் பாதி வெளியே திரும்பி வந்துவிடுகிறது.

வெள்ளைத் துணியை நனைத்துப் பாருங்கள். உலர்ந்திருக்கும்போது பளிச்சென்று இருந்தது நனைந்ததும் மங்கி, பின்னால் இருப்பது தெரிய ஆரம்பிக்கும். நூலிழைகளுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துவிட்டது, சிதறல் குறைந்துவிட்டது. இலைக்குள் இருக்கும் காற்றறைகளைப் பூஞ்சை இழைகள் அடைத்துக்கொண்டாலும், செல்கள் சரிந்து உட்கார்ந்தாலும் இது மாதிரிதான் நடக்கும். கருப்பு வெள்ளை அகச்சிவப்புப் படத்தில் நல்ல கோதுமை வெளுப்பாகவும் நோய்ப்பட்டது கருமையாகவும் விழுவது இதனால்தான்.

கேள்வி கேட்டவருக்கான பதிலும் இங்கேயே வந்துவிட்டது. ஃபிலிமைச் செய்தவருக்கு அது எந்த அலைநீளம் வரை பதிவு செய்யும் என்று தெரியும். அந்தக் கருமை இலையின் எந்த அறையில் தொடங்குகிறது என்று சொல்ல இலையை அறுத்துப் பார்த்த ஆள் வேண்டும்.

ஜூன் 4, மதியம்

அகச்சிவப்புப் படம் வெப்பத்தைக் காட்டுமே, காய்ச்சல் வந்த செடி சிவப்பாகத் தெரிகிறதா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. அது வெப்ப அகச்சிவப்பு, பல மடங்கு நீண்ட அலை, அதற்கு வேறு கருவி. இந்த ஃபிலிம் பதிவு செய்வது சூரியனிடமிருந்து வந்து இலையில் பட்டுத் திரும்பிய ஒளியை. நள்ளிரவில் எடுத்தால் கருப்புதான் விழும்.

சிவப்பு நிறமும் நாம் வைத்த பேர்தான். கேமராவின் மஞ்சள் வடிப்பான் நீலத்தை வெட்டிவிடுகிறது. பிறகு அகச்சிவப்புக்குச் சிவப்பு, சிவப்புக்குப் பச்சை, பச்சைக்கு நீலம் என்று ஆளுக்கு ஒரு படி கீழே இறக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். ஃபிலிமைக் குளிரில் வைக்காவிட்டால் அகச்சிவப்பு உணர்திறன்தான் முதலில் போகும். அப்படிப் போன ஒரு சுருளை வைத்துக்கொண்டு காடு முழுக்க நோய் என்று அறிக்கை எழுதியவரை எனக்குத் தெரியும். பேர் வேண்டாம்.

ஜூன் 6, இரவு

‘சும்மா படம் பார்ப்பது’ என்ற சொல் இரண்டு நாளாக உறுத்துகிறது. அந்தச் சும்மா எப்படி இருக்கும் என்று எழுதிவிடுகிறேன்.

விமானம் நேர்கோட்டில் பறந்தபடி படம் எடுக்கும். ஒவ்வொரு படமும் முந்தையதன் மேல் சுமார் 60 சதவீதம் விழ வேண்டும். ஒரே மரம் இரண்டு இடங்களிலிருந்து பார்த்த மாதிரி இரண்டு படங்களில் இருக்கும். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. நான் கற்ற ஸ்டீரியோஸ்கோப் நான்கு கம்பிக் கால்களும் இரண்டு லென்ஸ்களும் கொண்டது, சட்டைப்பையில் அடங்கும். படங்களை அதன் கீழே வைத்து மெல்ல நகர்த்துவோம். முதலில் இரண்டிரண்டாகத் தெரியும், கண் வலிக்கும். திடீரென்று ஒரு நொடியில் தட்டையான தாள் எழுந்து நிற்கும். மரங்கள் முகத்தில் குத்துகிற மாதிரி வரும். முதல் தடவை நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். சிலருக்குக் கடைசி வரை அது வராது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, கண் அப்படி.

பிறகு உயரம். 152 மில்லிமீட்டர் லென்ஸ், 1:15,840 அளவுத்திட்டம், அதாவது மைலுக்கு நான்கு அங்குலம், அமெரிக்கக் காட்டியலில் வெகுநாள் புழங்கியது. கணக்கிட்டால் விமானம் தரையிலிருந்து சுமார் 2,408 மீட்டர் உயரத்தில் பறந்திருக்கிறது. 9 அங்குலப் படம், 60 சதவீதம் மேல்விழல் என்றால் அடுத்தடுத்த படமையங்களுக்கு நடுவே தாளில் சுமார் 91 மில்லிமீட்டர். மரத்தின் உச்சிக்கும் அடிக்கும் இடமாறு தோற்றத்தில் (ஒரே புள்ளி இரண்டு படங்களில் இடம் மாறித் தெரியும் அளவு) உள்ள வேறுபாடு 1 மில்லிமீட்டர் என்றால் மரத்தின் உயரம் ஏறக்குறைய 26 மீட்டர். பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 2.6 மீட்டர் போச்சு. தும்மினால் ஒரு மாடி குறையும்.

அந்த ஒரு மில்லிமீட்டரை அளக்க ஒரு கம்பி உண்டு, பாரலாக்ஸ் பார் என்போம். அதில் இரண்டு புள்ளிகள். ஸ்டீரியோவில் அவை ஒன்றாகி அந்தரத்தில் மிதக்கும். திருகத் திருக அது மெல்ல இறங்கி மர உச்சியில் குருவி மாதிரி உட்காரும். அளவைக் குறித்துக்கொண்டு இன்னும் திருகினால் கிளைகளைத் தாண்டித் தரைக்கு வரும். அதற்கும் கீழே போகச் சொன்னால் போகாது, இரண்டாகப் பிரிந்துவிடும். ஊசியிலை மரமானால் உச்சிக் கூர் படத்திலேயே விழாது. அதனால் குருவி உண்மையான உச்சிக்குக் கொஞ்சம் கீழேதான் உட்காரும், உயரம் எப்போதும் குறைத்தே வரும். இது தெரிய வேண்டுமானால் அந்த மரத்தடியில் ஒருமுறையாவது நின்று அளந்திருக்க வேண்டும்.

ஜூன் 6, இன்னும் கொஞ்சம் இரவு

மானம் போன கதை ஒன்று. இடதுபடத்தை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் வைத்துவிட்டால் உலகம் உள்ளே வெளியே திரும்பிக்கொள்ளும். பள்ளத்தாக்கு மலையாகும். நான் அப்படி வைத்துக்கொண்டு முழு மதியமும் வேலை செய்தேன். ஓடைக்கரை மரங்களை எல்லாம் முகட்டுக் காடு என்று மெழுகுப் பென்சிலால் அழகாகக் கோடு போட்டு வைத்தேன். ஆசிரியர் வந்து குனிந்து பார்த்தார். “என்னப்பா, உன் காட்டில் ஓடை மலையுச்சியில் ஓடுதா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒற்றைப் படத்திலும் இந்த ஏமாற்று உண்டு. நிழல் நம்மைப் பார்த்து விழுகிற மாதிரி படத்தைத் திருப்பி வைத்தால் மேடு மேடாகத் தெரியும். வடக்கு மேலே இருக்கட்டும் என்று ஒழுங்காக வைத்தால், வடகோளப் படங்களில் நிழல் நம்மை விட்டு விலகி விழும், மேடு குழியாகிவிடும்.

ஜூன் 9, மாலை

முதல் நாள் சொன்ன இன்னொன்றையும் திரும்பப் பெற வேண்டும்: கண்ணுக்கு முன்பே ஃபிலிமுக்குத் தெரிந்துவிடும் என்றது.

துரு நோயில் அகச்சிவப்புப் படம் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது உண்மை. ஆனால் ‘கண்ணுக்கு முன்பே’ என்ற வார்த்தையை எல்லாப் பயிருக்கும் எல்லா மரத்துக்கும் நீட்டியது பிற்கால உற்சாகம். பைன் மரங்களில் பட்டை வண்டு புகுந்ததும், ஊசிகள் நிறம் மாறும் முன் படத்தில் பிடித்துவிடலாம் என்று 1960களில் முயன்றார்கள். எதிர்பார்த்த மாதிரி கைகூடவில்லை. மரம் செத்துக்கொண்டிருக்கும், ஊசி பசுமையாகவே இருக்கும், ஃபிலிமும் நம்மோடு சேர்ந்து ஏமாறும். வெட்டிய கிளைகூடக் கொஞ்ச நேரம் நல்ல சிவப்பாகத்தான் விழும்.

நானே இதில் எவ்வளவு நம்பிக்கையோடு விழுந்தேன் என்று சொல்கிறேன். அடுத்தடுத்த மூன்று படங்களில் வெளுத்த திட்டு. சுற்றிலும் இருண்ட காடு, நடுவில் மட்டும் பளிச். ‘விதானம் மெலிந்த பகுதி, நோயாக இருக்கலாம்’ என்று மூன்றிலும் வட்டம் போட்டேன். இரண்டு பேராகக் காட்டுக்குள் அரை நாள் நடந்தோம். அந்த இடத்தில் அண்ணாந்தால் வானம் தெரியவில்லை, அவ்வளவு அடர்த்தி. அடுத்த வட்டத்துக்குப் போனோம், அதே அடர்த்தி. கூட வந்தவர் எதுவும் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

திரும்பி வந்து மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினேன். வெளுத்த திட்டு மூன்றிலும் தாளின் ஒரே மூலையில் இருந்தது. விமானம் நகர்ந்திருக்கிறது, காடு நகர்ந்திருக்கிறது, திட்டு நகரவில்லை. சூரியன் கேமராவுக்கு நேர் பின்னால் வரும் புள்ளி அது. அங்கே ஒவ்வொரு மரமும் தன் நிழலைத் தனக்கு அடியிலேயே ஒளித்துக்கொள்ளும். நிழலில்லாத காடு வெளுப்பாக விழும். நான் கண்டுபிடித்த நோய் சூரியன்.

அதனால் இப்போதெல்லாம் ஒரு திட்டைப் பார்த்தால் முதலில் பக்கத்துப் படத்தைப் பார்ப்பேன். நிறம் ஒன்று சொன்னால் போதாது. நிழல், அமைப்பு, இருக்கும் இடம், பக்கத்தில் என்ன இருக்கிறது எல்லாம் ஒரே பக்கம் கைகாட்ட வேண்டும். சாட்சிகள் ஒன்றுகூடுவது என்று படவிளக்கத்தில், அதாவது படத்தைப் படித்துச் சொல்லும் வேலையில், சொல்வார்கள். ஒற்றைச் சாட்சியை நம்பி நான் தீர்ப்பு எழுதினேன்.

ஜூன் 10

“எல்லாம் விமானக் கதை, செயற்கைக்கோள் வந்த பிறகு இவர்களுக்கு வேலை போயிருக்குமே” என்கிறார் கேள்வி கேட்டவர். வேலை கூடியது.

1969 மார்ச்சில் அப்பல்லோ 9 பூமியைச் சுற்றியபோது நான்கு ஹாசல்பிளாட் கேமராக்களை ஒன்றாகக் கட்டி ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். மூன்றில் கருப்பு வெள்ளை, ஒன்றில் வண்ண அகச்சிவப்பு; ஒவ்வொன்றுக்கும் வேறு வடிப்பான். நிலவுக்குப் போகும் ஒத்திகைக்கு நடுவே இப்படி ஒரு வேலை. ஒரே இடத்தைப் பல அலைநீளத்தில், பல தேதியில், பல உயரத்தில் பார்க்க வேண்டும் என்று கோல்வெல் விடாமல் சொல்லிவந்தார். அந்தச் சிந்தனை விண்ணில் ஏறியது அப்படித்தான். பிறகு 1972 ஜூலை 23, முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள். அப்போது அதன் பெயர் ஈஆர்டிஎஸ்.

சரி, பொறியாளர்களுக்கும் உரியதைக் கொடுத்துவிடுகிறேன். அதில் ஏறிய பல்நிறமாலை வருடியை (பல அலைநீளங்களில் தனித்தனியாகப் பூமியைப் படிக்கும் கருவி) வடிவமைத்தவர் வர்ஜீனியா நார்வுட், ஹியூஸ் நிறுவனப் பொறியாளர். கண்ணாடி ஒன்று இடமும் வலமும் ஆடி பூமியைக் கோடு கோடாகப் படிக்கும். அது இல்லாமல் இன்றைய தொலையுணர்வே இல்லை. ஆனால் ஒரு பிக்சல் 79 மீட்டருக்கு 79 மீட்டர், ஒன்றரை ஏக்கர். தனி மரமே கிடையாது. நிழல் போச்சு, வடிவம் போச்சு, மிஞ்சியது நாலு அலைநீளத்துக்கு நாலு எண்கள். ஒன்றரை ஏக்கர் காட்டை நாலு எண்ணில் சுருக்கினால் அந்த எண்ணுக்கு எந்தக் காடு என்று யார் சொல்வது? செயற்கைக்கோள் படத்தை விமானப் படத்தோடும், விமானப் படத்தைத் தரையோடும் கோத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தரை முனையில் நின்றவர்கள் நம் ஆட்கள்.

ஜூன் 10, ஒரு வரி

தொலையுணர்வு என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே 1960ஐ ஒட்டிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஈவ்லின் புரூயிட், கடற்படை ஆய்வு அலுவலகத்தில் இருந்த புவியியலாளர். அவரும் பொறியாளர் இல்லை.

ஜூன் 13

பல தேதி என்றேனே, அதன் அருமை எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. இலையுதிர் மரமும் பசுமைமாறா மரமும் கலந்த காட்டில் கோடு பிரிக்கச் சொன்னார்கள். நல்ல பருவத்துப் படம், நல்ல நிறம், எல்லாம் ஒரே சிவப்புக் கம்பளம். ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். பிறகு யாரோ ஒதுக்கி வைத்திருந்த, இலை உதிர்ந்த பருவத்துப் படம் கிடைத்தது. வெயில் மங்கல், தரம் மோசம் என்று மேலே எழுதியிருந்தது. அதில் அரை மணி நேரத்தில் எல்லை பிரிந்துவிட்டது. வேண்டிய கேள்விக்கு ‘மோசமான’ படம்தான் நல்ல படம்.

ஜூன் 14

இனி எல்லாம் கணினி வகைப்படுத்திவிடும் என்று இரண்டு பேர். நானும் பயன்படுத்துகிறேன், கண்வலிக்கு நல்லது. ரேண்டம் ஃபாரஸ்ட் என்று ஒரு முறை. பேரில் காடு இருப்பதால் காட்டியலார் எல்லாரும் அதற்குக் கொஞ்சம் கூடவே இடம் கொடுக்கிறோம். ஆனால் அதற்கு ‘இது தேக்கு, இது வேறு’ என்று ஆயிரம் உதாரணங்களை முதலில் யாரோ சொல்லித்தர வேண்டும். அந்த யாரோ, சூரியனை நோய் என்று வட்டம் போட்ட என்னைப் போன்றவன் என்றால், கணினி அதையே காடு முழுக்க அசராமல் போடும். அது அரை நாள் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வராது.

கோல்வெல் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்த இரண்டு கையேடுகளை அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த மாற்றம் தெரியும். 1960இல் வந்தது படவிளக்கக் கையேடு. 1983இல் வந்தது தொலையுணர்வுக் கையேட்டின் இரண்டாம் பதிப்பு, இரண்டு பெருந்தொகுதிகள். முதலாவதில் கண் எஜமான். இரண்டாவதில் வருடிகளும் எண்களும் கணக்கும் பெரும்பங்கு இடத்தைப் பிடித்துவிட்டன. ஒரே ஆள் இரண்டு காலத்துக்கும் ஆசிரியராக இருந்திருக்கிறார். எனக்கு அதுதான் ஆச்சரியம்.

ஜூன் 15

இந்தியத் தொலையுணர்வின் முன்னோடி பிஷாரோட்டியை ஏன் விட்டாய் என்று சண்டைக்கு வந்திருக்கிறார் ஒருவர். விடவில்லை, அவர் வானிலை இயற்பியல்காரர், காட்டியல் இல்லை, அதனால்தான் எழுதவில்லை. ஆனால் சொன்னது சரி. அவர் கேரளத் தென்னையின் வேர் வாடல் நோயை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு ஃபிலிமில் படமெடுத்துப் பார்த்ததுதான் இந்தியத் தொலையுணர்வின் தொடக்கமாகச் சொல்லப்படுவது. கோதுமைத் துருவுக்கும் தென்னை வாடலுக்கும் ஒரே வகை ஃபிலிம், ஒரே யோசனை. இதில் நான் இயற்பியல்காரர்களிடம் ஒரு கோல் வாங்கிக்கொள்கிறேன்.

ஜூன் 19

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். எங்கோ இரண்டு மேல்விழும் படங்களை இறக்கி, கருவி இல்லாமல் வெறுங்கண்ணால் ஸ்டீரியோ பார்க்க இரண்டு நாளாக முயல்கிறாராம். தலைவலிதான் மிச்சமாம்.

படங்களைப் பெரிதாக அச்சிட்டிருப்பீர்கள். ஒரே மரம் இரண்டு படத்திலும் 6 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் கண்கள் வெளிப்பக்கம் விலகிப் பார்க்க வேண்டும், அது யாராலும் ஆகாது. சிறிதாக்கி அச்சிட்டு 5 சென்டிமீட்டர் இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு அட்டையை மூக்குக்கு நேராகச் செங்குத்தாக நிறுத்துங்கள். தாளைப் பார்க்காதீர்கள்; தாளுக்குப் பின்னால் தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி கண்ணைத் தளர விடுங்கள். இரண்டு மரமும் மெல்ல நெருங்கி ஒன்றாகும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 20

“எழுந்தது. ஆனால் ஆறு மேலே ஓடுகிறது” என்று பதில் வந்திருக்கிறது.

படங்களை இடம் மாற்றி வையுங்கள்.